உப்பிட்ட சாலையும் இரும்பு வண்டியும்

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும் என்பது நம்மவர் வாக்கு. அந்த வாக்கை அட்சரம் பிசகாமல் கடைப்பிடிக்கும் பொருள் ஒன்று உண்டு. அது இரும்பு! ஒருமுறை உப்பிட்டால் போதும். உள்ளளவும், அதாவது தான் முற்றும் அழிந்துபோகும் வரையில், இரும்பு அதை மறப்பதே இல்லை. கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் பிக்கப் டிரக் வைத்திருப்பவர்களைக் கேட்டால் இது வெறும் வேடிக்கைப் பேச்சன்று என்பது விளங்கும்.

நம் சங்கத்து அண்ணன்மார், அக்காமார் சிலர் மேற்படிப்பை முன்னிட்டு மிச்சிகன், மின்னசோட்டா, ஒன்டாரியோ என்று பனி கொட்டும் ஊர்களுக்குப் போகின்றனர். அங்கே போனதும் பழைய வண்டி ஒன்று வாங்கும் எண்ணம் எழுகிறது. “எஞ்சின் அருமையாக இருக்கிறது, விலையும் மலிவு, வாங்கலாமா?” என்பதே வழக்கமான கேள்வி. எஞ்சினைப் பற்றிக் கேட்பது நம் ஊர்ப் பழக்கம். அந்த ஊர்களில் எஞ்சின் சாவதற்கு முன்பே அதைத் தாங்கும் சட்டம் செத்துவிடுவதுண்டு. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி வேறு. அதை விளக்கவே இக்கட்டுரை.

பிக்கப் என்பது நம் ஊரில் குட்டி யானை என்று செல்லமாக அழைக்கப்படும் சரக்கு வண்டிக்குப் பெரிய அண்ணன். முன்னே ஆள் அமரும் அறை, பின்னே திறந்த சுமைத் தொட்டி. இவ்விரண்டும் ஏணியைப் படுக்க வைத்தாற்போன்ற ஓர் எஃகுச் சட்டத்தின்மேல் முடுக்கப்பட்டிருக்கும். எஞ்சின், ஸ்பிரிங் பட்டைகள், பெட்ரோல் தொட்டி, பிரேக் குழாய்கள் யாவும் அந்தச் சட்டத்தை நம்பியே தொங்குகின்றன. அறையின் தகடு ஓட்டையானால் அழகு கெடும், அவ்வளவுதான். சட்டம் ஓட்டையானால் வண்டியே இல்லை.

சாலையில் எதற்கு உப்பு? தூய நீர் 0 பாகையில் உறைகிறது. அதில் உப்புக் கரைந்தால் உறைநிலை கீழே இறங்குகிறது. நூற்றுக்கு 23 பங்கு உப்புள்ள கரைசல் உறைவதற்குக் குளிர் கழித்தல் 21 பாகை செல்சியஸ் வரை இறங்க வேண்டும். அமெரிக்காவில் 1938-இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் இதைச் சாலைகளில் சோதித்துப் பார்த்தது. 1941-42 குளிர்காலத்தில் அதையே பொது வழக்கமாகவும் ஆக்கிக்கொண்டது. மற்ற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. இப்போது அந்நாட்டுச் சாலைகளில் ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டன் உப்புக் கொட்டப்படுகிறது. இது நம் தூத்துக்குடி அளத்தில் விளைவது போன்ற உப்பன்று, தோண்டி எடுப்பது. டெட்ராயிட் நகரத்தின் அடியில் ஆயிரம் அடிக்கும் கீழே ஒரு சுரங்கம். ஒன்டாரியோவில் கோடரிச் என்னும் ஊரில் ஹியூரான் ஏரிக்கு அடியில் ஏறத்தாழ 1,800 அடி ஆழத்தில் இன்னொரு சுரங்கம். 40 கோடி ஆண்டுகளுக்கு முன் வற்றிப்போன கடல் ஒன்றின் மிச்சம் அது. அந்தப் பழங்கடல்தான் இன்று லாரி லாரியாக மேலே வந்து, கரைந்து, சக்கரம் வாரியடிக்கும் சேற்றோடு வண்டியின் அடிவயிற்றில் ஏறிக்கொள்கிறது.

உப்பு இரும்பைத் தின்கிறது என்று எல்லோரும் சொல்லுகிறோம். உண்மையில் உப்புத் தின்பதில்லை. தின்பவை நீரும் பிராணவாயுவும். உப்பு அவ்விரண்டிற்கும் பந்தி விசாரிக்கிறது.

இரும்பின் மேல் நீர் படிந்ததும் அங்கே ஒரு சின்னஞ்சிறு மின்கலம் உண்டாகிறது. ஓரிடத்தில் இரும்பு அணுக்கள் எலெக்ட்ரான்களைக் கழற்றி வைத்துவிட்டு நீரில் கரைகின்றன. அந்த எலெக்ட்ரான்கள் உலோகத்தின் வழியே வேறோர் இடத்துக்கு ஓடுகின்றன. அங்கே நீரில் கரைந்திருக்கும் பிராணவாயு அவற்றை வாங்கிக்கொள்கிறது. சுற்று முழுமை பெற வேண்டுமானால் நீருக்குள்ளும் மின்னோட்டம் நடைபெற வேண்டும். தூய நீர் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. உப்புநீர் நன்றாகக் கடத்தும். இது உப்புச் செய்யும் முதல் உபகாரம். இரண்டாவது, உப்பிலுள்ள குளோரைடு அயனிகள் இரும்பின்மேல் படியும் மெல்லிய காப்புப் படலத்தை ஆங்காங்கே குத்திக் கிழித்துவிடுகின்றன. மூன்றாவது உபகாரம் ஒன்று உண்டு. அதைப் பிறகு சொல்லுகிறேன். அதுதான் எல்லாவற்றினும் பொல்லாதது.

கரைந்த இரும்பு பிராணவாயுவோடு கூடித் துருவாகிறது. துரு, தான் பிறந்த இரும்பைக் காட்டிலும் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அலுமினியத்தின் மேல் உண்டாகும் ஆக்சைடு இறுகப் பற்றி உலோகத்தைக் காக்கிறது. துருவோ பொரிப்பொரியாக உதிர்ந்து, அடுத்த அடுக்கை நீருக்குக் காட்டிக்கொடுத்துவிட்டு விழுகிறது.

இனி நம் விஷயத்தின் மர்மம் அடங்கிய இடத்துக்கு வருவோம். இரும்பு எந்த இடத்தில் கரைகிறது? காற்று நன்றாகப் படும் இடத்தில்தான் துரு அதிகம் இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரில் யூ. ஆர். எவன்ஸ் என்னும் அறிஞர் 1920-களில் ஒரு துளி உப்புநீரைக் கொண்டே இதற்கு விடை கண்டார். வேதியியல் கூடத்தில் இடம் கிடைக்கும் நண்பர்கள் தாங்களே செய்து பார்க்கலாம். உப்புநீரில் சிறிது பினாப்தலீனும் சிறிது பொட்டாசியம் பெர்ரிசயனைடும் கலந்து, பளபளவெனத் தேய்த்த எஃகுத் தகட்டின்மேல் ஒரு பெரிய துளி விடுங்கள். இரும்பு கரையும் இடம் நீலமாகும். பிராணவாயு எலெக்ட்ரானை வாங்கும் இடம் இளஞ்சிவப்பாகும். முதலில் இரு நிறங்களும் ஆங்காங்கே சிதறித் தோன்றும். சற்றுப் பொறுத்தால் துளியின் விளிம்பு இளஞ்சிவப்பாகவும் நடுவிடம் நீலமாகவும் பிரிந்து நிற்கும். அதாவது, காற்று எளிதில் எட்டும் விளிம்பு பிழைத்துக்கொள்கிறது. காற்று எட்டாத நடுப்பகுதி கரைகிறது! விளிம்பில் பிராணவாயுவுக்கு விருந்து நடக்கிறது. அதற்கு இரும்பை அறுத்துக் கொடுப்பது நடுவிடம்.

இதைப் பிக்கப்புக்குப் பொருத்திப் பாருங்கள். இரு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடுக்கு, போல்டின் தலைக்கும் பட்டிக்கும் அடிப்புறம், சக்கர வளைவின் உள்மடிப்பில் அப்பிக் கிடக்கும் சேறு, பெட்டி போல மூடிய சட்டத்தின் உட்புறம் ஆகிய இவையெல்லாம் காற்று எட்டாத ‘துளியின் நடு’. கண்ணுக்குத் தெரியும் வெளிப்புறம் ‘துளியின் விளிம்பு’. கை எட்டாத இடத்தில்தான் துரு முழுமூச்சாக வேலை செய்கிறது. மேலே பளபளக்கும் வண்டி அடியில் சல்லடையாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

பழைய பாம்பன் ரயில் பாலத்தை நினைத்துப் பாருங்கள். 1914-இல் திறக்கப்பட்டது. கடலின் நடுவே, உப்புக் காற்றின் வாயிலேயே நின்றுகொண்டு 2022 டிசம்பர் வரை ரயிலைச் சுமந்தது. கடைசியில் அதை ஓய்வெடுக்க வைத்ததும் துருதான் என்றாலும், நூறாண்டுக்கு மேல் நின்றதே! பாலத்தின் இரும்பு பெரும்பாலும் வெட்டவெளியில் இருந்தது. சுரண்டுகிறவன் கையும் வர்ணம் பூசுகிறவன் கையும் எட்டின, ஓயாமல் பூசினார்கள். பிக்கப்பின் சட்டத்துக்குள் எந்தக் கை நுழையும்?

துரு முதலில் உயிருக்கு உலை வைக்கும் இடம் பிரேக் குழாய். பென்சிலைவிட மெல்லிய எஃகுக் குழாய்கள் சட்டத்தை ஒட்டி முன்னிருந்து பின்வரை ஓடுகின்றன. அவற்றைப் பிடித்திருக்கும் கவ்விகளின் அடியில் உப்புச் சேறு தங்குகிறது. குழாயின் சுவர் ஒரு மில்லிமீட்டர் கனங்கூட இல்லை. அவசரத்துக்கு அழுத்தி மிதிக்கும் அந்த நொடியில்தான் குழாய்க்குள் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். ஆகவே பெரும்பாலும் அந்த நொடியில்தான் அது வெடிக்கும். மிதிகட்டை தரையோடு போய்விடும். பிரேக் இரு பிரிவாக அமைந்திருப்பதால் ஒரு பாதி மிஞ்சும். ஆனால் வண்டி நிற்க வேண்டிய தூரம் மிகவும் கூடிவிடும். பழைய பிக்கப்புகளிலும் அவற்றை ஒத்த வண்டிகளிலும் இப்படி நேர்ந்த புகார்களை அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, 2015-இல் பொது எச்சரிக்கை ஒன்று வெளியிட்டது. குளிர்காலம் முழுவதும் வண்டியின் அடிப்பாகத்தை அடிக்கடி கழுவுங்கள், வசந்தம் வந்ததும் ஒருமுறை முற்றக் கழுவுங்கள், பழைய வண்டியானால் குழாய்களைச் சோதியுங்கள் என்பதே அதன் சாரம். துருவேறிய குழாயை மாற்ற நேர்ந்தால் செம்பு-நிக்கல் கலவைக் குழாயாகப் போட்டுக்கொள்ளலாம். அது சாலை உப்புக்கு அசைந்து கொடுப்பதில்லை.

சட்டத்தைப் பற்றிய வழக்கும் ஒன்று உண்டு. டொயோட்டா நிறுவனத்தின் டகோமா முதலிய வண்டிகளில் சட்டம் துருவேறி ஓட்டை விழுந்தது பற்றித் தொடுக்கப்பட்ட வழக்கு 2016-இல் சமாதானத்துக்கு வந்தது. ஏறத்தாழ 15 லட்சம் வண்டிகள். மதிப்பு 340 கோடி டாலர் வரை என்று கணக்கிட்டார்கள். நல்ல பெயர் பெற்ற எஞ்சின் உடைய வண்டிகள் அவை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இனி மூன்றாவது உபகாரம். ஐப்பசி அடைமழையில் வீட்டு உப்பு ஜாடியைத் திறந்து பார்த்திருப்பீர்கள். கல்லுப்புக் கசிந்து நீர்விட்டுக் கிடக்கும். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75-ஐத் தாண்டினால் சாதாரண உப்புக் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கல்லுப்பு அதற்கு முன்பே கசிவதற்குக் காரணம், அதில் கலந்துள்ள மெக்னீசியம் குளோரைடு. இதற்கு நூற்றுக்கு 33 அளவு ஈரம் இருந்தாலே போதும்! இந்த மெக்னீசியம் குளோரைடையும் அதன் உறவான கால்சியம் குளோரைடையும்தான் கடுங்குளிர் நாட்களில் சாலையில் தெளிக்கிறார்கள். குளிர் கழித்தல் 10 பாகைக்குக் கீழே போனால் சாதாரண உப்பின் வேலை மிகவும் மந்தமாகிவிடுகிறது என்பதே அதற்குக் காரணம். சாலைக்கு நல்லது, வண்டிக்கு? மழை நின்று, சாலை காய்ந்து, வெயில் அடித்தாலும் அந்த வண்டியின் இடுக்குகள் காய்வதில்லை. எங்கோ ஒரு மூலையில் ஒட்டிக்கொண்ட உப்பு, காற்றையே குடித்துத் தன்னை ஈரமாக வைத்துக்கொள்ளும்.

இதிலிருந்து, கேட்பவர்க்கு வியப்பளிக்கும் ஒரு முடிவு பிறக்கிறது. உப்புச் சேறோடு வீடு திரும்பிய வண்டியை வெப்பமூட்டிய கொட்டகையில் நிறுத்துவது, அன்பின் மிகுதியால் செய்யும் கொலை. வெளியே கழித்தல் 15 பாகையில் நின்றால் வேதிவினை ஏறத்தாழ உறங்கிக் கிடக்கும். வெப்பம் 10 பாகை கூடினால் இத்தகைய வினைகளின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது நாம் படித்த கணக்கு. கொட்டகைக்குள் பனி உருகி, உப்புக் கரைந்து, இடுக்குகளில் இறங்கி, இதமான சூட்டில் இரவெல்லாம் வினை நடக்கும். கழுவி உலர்த்தி உள்ளே விட்டால் கொட்டகை நல்லதுதான். கழுவ முடியாத நாளில் வெளியே குளிரில் நிற்கட்டும். துருவின் அறுவடைக் காலம் நடுக்குளிர்காலம் அன்று. பனி உருகும் மார்ச்சும் ஏப்ரலுமே.

அப்படியானால் வண்டியைக் காப்பது எப்படி?

முதலாவது, கழுவுதல். நம் ஊரில் ‘வாட்டர் சர்வீஸ்’ என்றால் மேலே பளபளப்பு வர வேண்டும். இங்கே மேற்புறம் இரண்டாம் பட்சம். வெப்பம் 0 பாகைக்கு மேலே ஏறும் நாளாகப் பார்த்து, அடிப்பாகம், சக்கர வளைவுகள், சட்டத்தின் உட்புறம் ஆகியவற்றை நிறைய நீர் விட்டு அலச வேண்டும். பீய்ச்சும் வேகத்தைவிட நீரின் அளவே முக்கியம். அதிவேகமாகப் பீய்ச்சினால் உப்புநீர் இன்னும் ஆழமான இடுக்குக்குள் புகுந்துகொள்ளும். வசந்தத்தில் புல்தரைக்கு நீர் தெளிக்கும் சுழல் கருவியை வண்டிக்கடியில் வைத்து அரைமணி நேரம் ஓடவிடுவோர் உண்டு. செலவில்லாத நல்ல உபாயம். சட்டத்தின் அடியில் நீர் வடிவதற்கென்று துளைகள் இருக்கும். அவற்றில் சேறு அடைத்திருந்தால் ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் கழுவுவது, அடைத்த தொட்டியில் உப்புநீரை நிரப்பி வைப்பதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, எண்ணெய். குளிர்காலம் தொடங்குமுன், வண்டி நன்றாகக் காய்ந்திருக்கும் நாளில், சட்டத்தின் உள்ளும் புறமும் எண்ணெய்ப் பொருளைப் பீய்ச்சுவது அந்நாடுகளில் வழக்கம். கனிம எண்ணெய் வகைகள் உண்டு. செம்மறி ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லானோலின் என்னும் கொழுப்பும் உண்டு. ஆட்டுக்கு மழை நனையாமல் காக்கும் கொழுப்பு வண்டிக்கும் உதவுகிறது! இதன் சிறப்பு வேறொன்று. எந்த நுண்புழை ஈர்ப்பு உப்புநீரை இடுக்குக்குள் இழுக்கிறதோ, அதே ஈர்ப்பு எண்ணெயையும் உள்ளே இழுக்கும். முன்பே எண்ணெய் குடிபுகுந்த இடத்தில் நீர் எளிதில் இடம்பிடிக்க முடியாது. ஆனால் எண்ணெய் ஆண்டுக்குள் கழுவப்பட்டுவிடும். ஒவ்வோர் ஆண்டும் அடிக்க வேண்டும். பிரேக் தட்டுகளின்மேல் படவே கூடாது. கனிம எண்ணெய் இயற்கை ரப்பரை உப்பவைக்கும் என்பதால் ரப்பர்ப் பாகங்களையும் தவிர்க்க வேண்டும்.

மூன்றாவது, கெட்டியான கருப்பு அடிப்பூச்சு. பார்ப்பதற்குக் கம்பீரமாக இருக்கும். புதிய வண்டியில், துளி உப்பும் ஈரமும் இல்லாத எஃகின்மேல் பூசினால் பயன் உண்டு. ஆனால் ஆண்டுகள் சென்று அது கெட்டிப்பட்டு வெடித்தால், வெடிப்பின் வழியே நீர் உள்ளே போகும். வெளியே வர வழியிராது. அப்போது பூச்சே ஒரு பெரிய இடுக்காகி, எவன்ஸ் கண்ட துளியின் நடுவாகிவிடும். என் மட்டில், பழைய வண்டிக்கு இதைவிட அசிங்கமாகக் கசியும் எண்ணெயே மேல் என்பேன்.

துருவை மாற்றும் திரவம் என்று ஒன்று விற்கிறார்கள். அவற்றில் பலவற்றில் இருப்பது டானிக் அமிலம். கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் மை போலக் கறுக்கும் அல்லவா? அதே வினைதான். மேல்துருவை நிலையான கரிய சேர்மமாக மாற்றி, மேலே பூசும் வர்ணம் பிடிப்பதற்கு உதவும். உள்ளே அரித்துப்போன எஃகைத் திருப்பித் தராது.

பாட்டரியோடு இணைத்தால் துருவே பிடிக்காது என்று சொல்லி விற்கும் மின்கருவிகளும் உண்டு. இவற்றுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். கடலில் மூழ்கியிருக்கும் கப்பலின் அடிப்பாகத்தைத் துத்தநாகக் கட்டிகள் காப்பது உண்மை. ஹம்ப்ரி டேவி 1824-லேயே கப்பலின் செப்புத் தகட்டை இவ்வகையில் காத்துக் காட்டினார். (செம்பு பிழைத்தது; செம்பின் நஞ்சு கரையாமற் போகவே கொட்டலசுகள் அடையடையாய் ஒட்டிக்கொண்டு கப்பலின் வேகத்தைக் குறைத்தன என்பது தனிக்கதை.) ஆனால் கப்பலைச் சுற்றிக் கடல் என்னும் தொடர்ந்த உப்புநீர் இருக்கிறது, மின்னோட்டம் அதன் வழியே எங்கும் சென்று சேரும். பிக்கப்பிலோ இங்கொரு துளி, அங்கொரு துளி. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மின்னோட்டம் எப்படிப் போகும்? எஃகின் மேலேயே ஒட்டிய துத்தநாக முலாம் மட்டும் இதற்கு விலக்கு. நம் வீட்டு ஜி.ஐ. வாளியில் கீறல் விழுந்தாலும் அந்த இடம் உடனே துருப்பிடிக்காதது இதனால்தான். பக்கத்திலேயே உள்ள துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கிறது.

அலுமினிய உடல் கொண்ட வண்டி வாங்கினால் தொல்லை தீருமா என்றும் கேட்கிறார்கள். ஃபோர்டு நிறுவனம் 2015 மாதிரி முதல் தன் எஃப்-150 பிக்கப்பின் உடலை அலுமினியத்தில் செய்கிறது. ஆனால் அதன் சட்டம் எஃகுதான். சட்டத்துக்கு வேண்டிய கவனம் அப்படியே நிற்கிறது.

இனிப் பழைய வண்டி வாங்கப்போகும் நண்பருக்கு. தரையில் ஒரு பழைய போர்வையை விரித்து வண்டிக்கடியில் படுத்துக்கொள்ள வேண்டும். கையில் சிறு சுத்தியும், திருப்புளியும், விளக்கும் போதும். பின் சக்கரத்துக்கு மேலே சட்டம் வளைந்து ஏறும் இடம், ஸ்பிரிங் பட்டைகள் சட்டத்தைப் பற்றும் இடம், கூடுதல் சக்கரம் தொங்கும் இடம் ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள். கூடுதல் சக்கரத்தை இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். அதன் மேற்புறத்தில் ஆண்டுக்கணக்கான சேறு தங்கியிருக்கக்கூடும். சுத்தியால் தட்டினால் நல்ல எஃகு கணீரென்று ஒலிக்கும். அரித்த எஃகு மண்சுவரைத் தட்டியது போல மந்தமாய் ஒலிக்கும். மந்தமாய் ஒலிக்கும் இடத்தைத் திருப்புளியால் அழுத்திப் பாருங்கள்; நுனி உள்ளே இறங்கினால் பேரம் பேசவே வேண்டாம். பிரேக் குழாய்களை விரலால் தடவினால் சொரசொரப்பாய்ப் பொரிந்திருக்கிறதா என்பது தெரியும். அப்படியிருந்தால் மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேட்கலாம். பத்து வயதான வண்டியின் சட்டம் மட்டும் நேற்றுப் பூசியது போலக் கன்னங்கரேலென்று இருந்தால், என்ன பூசினீர்கள், எப்போது பூசினீர்கள், பூசுமுன் எடுத்த படம் இருக்கிறதா என்று விற்பவரைக் கேளுங்கள். படம் இல்லை, தட்டிப் பார்க்கவும் கூடாது என்றால், போர்வையைச் சுருட்டிக்கொண்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போகலாம்.